கடப்பிதழ் என்று சொன்னவர்

1.

இந்தக் கதை ஒரு பொய்யில் தொடங்குகிறது. பொய் என்னுடையது.

மலாக்காவில், ஆயர் குரோவில் ஒரு குப்பைக் கம்பெனியில் வேலை செய்கிறேன். எங்கள் லோரிகள் அள்ளிவரும் பிளாஸ்டிக்கைப் பிரித்துத் தர வெளியே குத்தகைக்காரர்கள் உண்டு. அவர்களிடம் கட்டாய உழைப்பு இல்லை என்று ஆண்டுதோறும் பாரம், அதாவது உறுதிமொழிப் படிவம், நிரப்புவது என் பொறுப்பு. போன ஆண்டு செலண்டாரில் பிளாஸ்டிக் பிரிக்கும் கொட்டகைக்கான பாரத்தை நாற்காலியைவிட்டு எழாமலேயே நிரப்பினேன். 'நேரில் பார்த்தீர்களா?' என்ற கேள்விக்கு 'ஆம்' என்று குறியிட்டேன்.

சிறுகதைப் போட்டிகளில் இரண்டு முறை ஆறுதல் பரிசு வாங்கியவள் நான். ஆனால் படித்த எவரும் சந்தேகிக்காத என் முதல் புனைவு அந்தப் பாரம்தான்.

2.

தொடக்கம், முதல் முயற்சி: செலண்டார் போகும் பாதையின் இருபுறமும் செம்பனை மரங்கள் காவலர்களைப் போல—

(வேண்டாம். மரங்கள் என்ன பாவம் செய்தன? சந்தேகப்படுவதற்கு மனிதர்கள் இருந்தார்கள்.)

இரண்டாம் முயற்சி: இந்த ஆண்டு வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் புகைப்படத்தோடு அறிக்கை கேட்டதால் நேரில் போனேன்.

அழகாக இல்லை. உண்மை என்பதால் இருக்கட்டும்.

குத்தகைக்காரர் தங்கராஜு கொட்டகை வாசலில் காத்திருந்தார். தோட்டத்தில் பிறந்து, லோரி ஓட்டி, பிறகு சொந்தமாகத் தொழில் போட்டவர். எனக்காக மைலோ ஐஸ் வாங்கி வைத்திருந்தார்.

"வாங்க தங்கச்சி. எல்லாம் நம்ம ஆளுங்கதான் லா, தமிழ்நாட்டுக்காரங்க. பதினோரு பேரு. வீட்டு மனுசங்க மாதிரி வச்சிருக்கேன்."

(இவரை வில்லனாக எழுதக் கை துடிக்கிறது. ஆனால் அவர் சிரிப்பில் போலி எதையும் நான் காணவில்லை. என்னை உறுத்தியதே அதுதான்.)

3.

முதலில் வந்தவர் வடிவேலு. சிவகங்கைப் பக்கம். முப்பது வயதிருக்கும். இடது புருவத்தை வெட்டிக்கொண்டு ஒரு தழும்பு.

"சாப்பாடு எப்படிங்க இருக்கு?"

"உணவு திருப்திகரமாக உள்ளது. எங்கள் கடப்பிதழை நாங்களே வைத்துள்ளோம்."

பாஸ்போர்ட் பற்றி நான் இன்னும் கேட்கவே இல்லை.

அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்தவரும். ஒரு சொல் பிசகவில்லை.

சிவகங்கைக்காரர் 'பாஸ்போர்ட்' என்பார். புத்தகத் தமிழ் பேசினால் 'கடவுச்சீட்டு' என்பார். 'கடப்பிதழ்' எங்கள் மலேசியப் பத்திரிகைகளின் சொல். யாரோ அவர் வாயில் அதை வைத்திருக்கிறார்கள்.

யார் என்று யோசிக்க எனக்கு வெகுநேரம் ஆகவில்லை. போன ஆண்டு தங்கராஜு போனில், "பாரத்துல என்னா எழுதணும் தங்கச்சி?" என்று கேட்டார். மாதிரிப் பதில்களைத் தட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். என் எதிரே நின்றவர்கள் என் வாக்கியங்களைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

4.

வடிவேலுவைத் திரும்பக் கூப்பிட்டேன். பாரத்தில் இல்லாத ஒன்றைக் கேட்டேன்.

"உங்க ஊர்ல இந்த வருசம் மழை உண்டா?"

அவர் தங்கராஜுவைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"அது எங்களுக்குச் சொல்லித் தரலைங்க மேடம்."

தங்கராஜு பக்கம் திரும்பினேன்.

"அண்ணே, இவங்க பாஸ்போர்ட்டெல்லாம் எங்க?"

"மேச லாச்சியில பூட்டி வச்சிருக்கேன். சேஃப்டிக்குத்தான். தொலைச்சிருவானுங்க." மூலையிலிருந்த மேசையின் இழுப்பறையைக் காட்டினார்.

எங்கள் மேலாளர் காளிதாஸைப் போனில் அழைத்து நடந்ததைச் சொன்னேன். அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"கன்ட்ராக்ட வெட்டிருவோம் நிர்மலா. இன்னிக்கே. நம்ம பேரு கிளீனா இருக்கும்."

"வெட்டினா இவங்க எங்க சார் போவாங்க? வேலை பெர்மிட் தங்கராஜு பேர்லதானே?"

"அது நம்ம தலைவலி இல்ல லா."

அந்த வேகம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் தாளிலிருந்து பதினோரு பேர் மறைந்தால் பாரம் சுத்தமாகிவிடும். அவர்கள் வேறு யாருடைய லாச்சிக்கோ போவார்கள்.

"சார், போன வருசம் நேர்ல பாத்தேன்னு பொய் எழுதினேன். நீங்க வெட்டினீங்கன்னா அதையும் சேத்துதான் அறிக்கையில எழுதுவேன்."

(இங்கே நான் துணிச்சலானவளாகத் தெரிகிறேன். நம்பாதீர்கள். குரல் உடைந்து, பாதி வாக்கியத்தைத் திரும்பச் சொல்லவேண்டியிருந்தது.)

காளிதாஸ் இறங்கிவந்தார். "உனக்கு என்னா வேணும்?"

"பாஸ்போர்ட் இப்பவே அவங்க கைக்கு வரணும். ஆளுக்கு ஒரு பூட்டு போட்ட அலமாரி வேணும். தொழிலாளர் இலாகாவுக்கு நான் எழுதுவேன்."

காளிதாஸ் சரி என்று போனை வைத்தார். தங்கராஜு என்னிடம் குரலைத் தாழ்த்தினார். "ஓடிட்டானுங்கன்னா யாரு பதில் சொல்றது?"

"ஓடுற மாதிரி இங்க என்னா வச்சிருக்கீங்கண்ணே?"

அவர் சாவியை எடுத்தார். லாச்சியைத் திறந்தார்.

வடிவேலு தன் புத்தகத்தைப் பிரித்து, படத்தை வெகுநேரம் பார்த்தார். பக்கத்தில் நின்றவரிடம், "இதுல எனக்கு மீசையே இல்ல பாரேன்" என்றார். அன்று அவர் பேசியதில் என்னிடம் சொல்லாத ஒரே வாக்கியம்.

5.

இரண்டு வாரம் கழித்து, சொல்லாமல் போனேன். அலமாரிகள் வந்திருந்தன. ஒவ்வொருவரும் தன் அலமாரியைத் திறந்து பாஸ்போர்ட்டைக் காட்டினார். பத்துப் பேர். வடிவேலு இல்லை.

"நான்தான் சொன்னேன்ல தங்கச்சி? ஓடிட்டான்" என்றார் தங்கராஜு. கோபமாக இல்லை, ஜெயித்தவரைப் போல.

மற்றவர்கள் "ஊருக்குப் போயிட்டாருங்க" என்றார்கள். ஒருவர் மட்டும், "சுங்கை ரம்பாய்ல முதலாளிக்கு இன்னொரு கொட்டகை…" என்று தொடங்கினார். தங்கராஜு அருகே வந்ததும் கைகழுவப் போய்விட்டார்.

அன்று மாலையே சுங்கை ரம்பாய் போனேன். கொட்டகை இருந்தது. வாசலில் சங்கிலி. கூப்பிட்டுப் பார்த்தேன், நாய்கள்தான் வந்தன. மறுநாள் தொழிலாளர் இலாகாவில் இரண்டாவது புகார் கொடுத்தேன். விசாரிக்கிறோம் என்றார்கள். ஆபீசில் எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. போன ஆண்டுப் பொய்க்காக.

6.

மூன்று முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்று: பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் வடிவேலு விமானம் ஏறிவிட்டார்.

இரண்டு: பெர்மிட் இல்லாமல் உம்பாய் ஊரில் ஏதோ ஒரு மீன் சாப்பாட்டுக் கடைப் பின்கட்டில் தட்டுக் கழுவுகிறார்.

மூன்று: என்னிடம் பேசியதற்காக அவரை அந்தச் சங்கிலிக்குப் பின்னால் கொண்டுபோய்—

மூன்றும் படித்தால் நம்பும்படிதான் இருக்கின்றன. என் கையெழுத்தில் எதுவும் நம்பும்படிதான் இருக்கும். அந்தப் பாரத்தையும் நம்பினார்களே. அதனால் மூன்றில் எதையும் முடிவாக வைக்கமாட்டேன்.

இந்தக் கதையில் எல்லோர் பெயரையும் மாற்றிவிட்டேன், என்னுடையதையும். வடிவேலு என்பது மட்டும் அவர் பெயரேதான். அவருக்கு அதனால் ஆபத்து வருமா என்று மூன்று நாள் யோசித்தேன். எவரும் தேடாமல் போவதுதான் பெரிய ஆபத்து என்று பட்டது. அதிலும் நான் தவறியிருக்கலாம்.

நீங்கள் சிவகங்கைப் பக்கம் இருந்தாலும், மலாக்காவிலேயே இருந்தாலும், அந்தத் தழும்புள்ள வடிவேலுவைப் பார்த்தால் செலண்டாரிலிருந்து எப்படிப் போனார் என்று கேளுங்கள். நான் எழுதிய மூன்றில் எதையும் அவருக்கு எடுத்துக்கொடுக்காதீர்கள். எவ்வளவு நேரமானாலும் பேசாமல் காத்திருங்கள். அவராகச் சொல்லட்டும்.