பாதி வாக்கியம்

கண்ணாடிக்காரருக்கு இரட்டைப் பெண்கள். சில நிமிடம் முந்திக்கொண்டவள் பெரியவள், பிந்தியவள் சின்னவள். பேச்சிலும் அதே வரிசைதான். பெரியவள் ஆரம்பித்துப் பாதியில் நிறுத்துவாள், மீதியைச் சின்னவள் முடிப்பாள். "அம்மா, இன்னைக்கு டீச்சர்…" என்று ஒருத்தி இழுத்தால், "…வரல, அதனால விளையாடினோம்" என்று மற்றவள் முடிச்சுப் போடுவாள். கடைக்கு மூக்குக்கண்ணாடி போட வருகிறவர்கள், "ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு வாய்தானா?" என்று சிரிப்பார்கள். அவருக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

அவர்கள் படித்த பள்ளியில் எட்டாவதோடு சரி. ஒன்பதாம் வகுப்புக்கு இருவருக்கும் மேட்டின்மேல் இருந்த தனியார் பள்ளியின் மீதுதான் கண். அங்கே இருக்கிற இடமோ கைக்குட்டை அளவு, மோதுகிற கூட்டமோ ஊர் அளவு. பெரிய பதவியில் இருப்பவர்களே சிபாரிசுக்கு ஆள் தேடி நாய் படாத பாடு பட்டார்கள். ஆனால் எழுத்துத் தேர்வில் பெண்கள் இருவரும் தேறிவிட்டார்கள். மிச்சம் இன்டர்வியூதான்.

கடையில் ஆள் இல்லாதபோதெல்லாம் கண்ணாடிக்காரர் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்துக் கேள்வி கேட்டார். பெரியவள் தொடங்க, வலது பக்கம் நிற்கும் சின்னவள் முடிக்க, பதில்கள் பளிச்சென்று வந்தன.

"தனித்தனியா கேளுங்க. அங்க ஒவ்வொருத்தராத்தான் கூப்பிடுவாங்க," என்றாள் மனைவி.

"பதில் தெரிஞ்சா போதாதா? நீ சும்மா இரு."

எல்லாம் தெரிந்த மனிதர் அல்லவா, மனைவி சொல்லியா கேட்பார்!

பள்ளித் தாழ்வாரத்தில் பெஞ்சு போட்டிருந்தது. முதலில் பெரியவளைக் கூப்பிட்டார்கள். கதவு சரியாகச் சாத்தவில்லை. உள்ளே பேசுவது வெளியே கேட்டது.

"உனக்கு எந்தப் பாடம் பிடிக்கும்? ஏன்?"

"எனக்கு அறிவியல் பிடிக்கும், ஏன்னா…"

நிறுத்திவிட்டாள். கதவிடுக்கில் கண்ணாடிக்காரர் பார்த்தார். மகள் பழக்கதோஷத்தில் வலது பக்கம் திரும்பினாள். அங்கே காலி நாற்காலிதான் இருந்தது.

"ஏன்னா?" என்றார் உள்ளே கேள்வி கேட்ட டீச்சரம்மா.

வெளியே பெஞ்சில் சின்னவளின் உதடுகள் அசைந்தன. "ஏன்னா, அப்பா கடையில லென்ஸை மாத்தினா மங்கலா இருந்த எழுத்து தெரியும். அது எப்படின்னு நான் கத்துக்கணும்." சொல்லிக்கொண்டே எழுந்தாள். அவர் அவள் கையைப் பிடித்து இழுத்தார்.

"உட்காரு. சத்தம் போடாத."

உள்ளே அடுத்த கேள்வி. மறுபடியும் ஒரு பாதி, மறுபடியும் மௌனம். வெளியே வந்த பெரியவளின் முகத்தில் ஈயாடவில்லை.

அடுத்து சின்னவள் போனாள். இரட்டைப் பிறவி என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது போலும். "உனக்கும் அறிவியல்தான் பிடிக்குமா? ஏன்?" என்று அந்த அம்மாவே ஆரம்பித்துக் கொடுத்தார். அக்காள் விட்ட பாதியைத் தங்கை தங்குதடையில்லாமல் சொன்னாள்.

முடிவு மனைவியின் போனுக்கு வந்தது. சின்னவளுக்கு இடம். பெரியவள் காத்திருப்போர் பட்டியலில். இல்லை என்பதை மரியாதையாகச் சொல்ல அவர்கள் வைத்திருக்கும் பெயர் அது.

"ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்பு," என்றாள் மனைவி. கணவரைப் பார்த்து வேறொன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"நான் போகல," என்று சின்னவள் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். பெரியவள் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நீ போகணும்டி. கிடைச்சதையும் விட்டுட்டா…"

வழக்கமான இடத்தில் நிறுத்தினாள். சின்னவளுக்கு மீதி தெரியாதா என்ன? முடித்தால் போகச் சம்மதித்ததாகிவிடும் என்று வாயை இறுக மூடிக்கொண்டாள். அப்பாவும் அம்மாவும் காத்திருந்தார்கள். பெரியவள் தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் தானே சொன்னாள்.

"…ரெண்டு பேருக்குமே இல்லாமப் போயிடும்."

பள்ளி திறந்த அன்று சின்னவள் மேட்டுப் பள்ளிக்கும் பெரியவள் அரசுப் பள்ளிக்குமாக, வேறு வேறு யூனிஃபார்மில், வேறு வேறு பஸ்ஸில் போனார்கள். மாலையில் கடைக்கு முதலில் வந்தது சின்னவள். வாசலிலேயே நின்றாள்.

"என்னம்மா ஆச்சு?"

வழக்கமாக இடது பக்கத்திலிருந்து வரவேண்டிய முதல் பாதி வரவில்லையே, பிள்ளை என்ன செய்வாள்! "எல்லாரும் தங்களைப் பத்திச் சொன்னாங்க. எனக்கு ஆரம்பிக்கவே வரலப்பா," என்று அழுதாள்.

பெரியவள் வந்ததும் அவர் அவசரமாகக் கேட்டார். "உனக்கு எப்படிம்மா இருந்தது?"

"நல்லா இருந்ததுப்பா. பக்கத்துல உட்கார்ந்த பொண்ணு அமைதியா இருக்கா. கணக்கு டீச்சர் என்னைக் கேள்வி கேட்டாங்க, சரியா சொல்லிட்டேன்."

எங்கும் நிற்கவில்லை. சின்னவள் பழைய இடத்தில், அக்காளின் வலது பக்கம் வந்து நின்றிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. அவளுக்கென்று ஒரு சொல்லும் மிச்சம் வைக்காமல் பெரியவள் முடித்துவிட்டாள்.

இப்படி ஒரு பதிலைத்தானே அன்று அந்த அறையில் கேட்டார்கள் என்று கண்ணாடிக்காரர் நினைத்தார். தன் கண்ணாடியைக் கழற்றித் துணியால் துடைத்தார். துடைத்துப் போட்ட பிறகும் பெண்கள் இருவரும் மங்கலாகத்தான் தெரிந்தார்கள்.