பதினாறு ‘சரி’

...ஏழு, எஃப், மூன்று, சுழி என்று நான் கணினித் திரையைப் பார்த்து வாசிக்க, தபீதாள் தன் முன்னிருந்த தாளில் விரலை நகர்த்திச் ‘சரி’ என்றாள், இது முதல் நான்கு எழுத்து, இன்னும் பதினைந்து நான்குகள் இருக்கின்றன, அவசரம் வேண்டா, அவசரப்பட்டால் தவறும், தவறினால் மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டும், தொடங்கினால்தான் என்ன, முற்பகல் முழுவதும் இப்படியே கழிந்துவிட்டால் நல்லதுதானே... எங்கள் ஒரே பிள்ளை ஆசிர் சிங்கப்பூரிலிருந்து ஒரு புத்தகம் எழுதித் தன் இணையப் பக்கத்தில் விலையின்றி வைத்திருக்கிறான், தன் வரலாறு, பதிமூன்று அத்தியாயம், அதன் அடியில் எண்ணும் ஆங்கில எழுத்துமாக அறுபத்துநான்கு எழுத்துள்ள ஒரு வரியும், அந்த வரியின்கீழ் ஒரு குறிப்பும் இருந்தன, புத்தகத்தை இறக்கிக்கொண்டபின் இதனோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள், உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் இந்த வரி முழுவதும் வேறாகிவிடும் என்று. என்னிடம் வந்துசேர்ந்த பிரதியிலிருந்தும் அத்தகைய வரியொன்றைப் பிழிந்தெடுக்கும் சிறு நிரலை மாடியில் குடியிருக்கும் ரூபா காலையில் போட்டுக்கொடுத்தாள், சத்தியவேட்டுப் பக்கத்துத் தொழிற்சாலைக்குப் போகிற அவசரத்தில், “வந்துச்சுன்னா வந்துச்சு சார், பெத்த புள்ள அனுப்பின புக்கு மேலகூடவா சந்தேகம், எக்ஸாம் பேப்பரா இது?” என்று சிரித்துவிட்டுப் போனாள். பெற்ற பிள்ளை அனுப்பியது என்பதனால்தான் அம்மா, என்று அவளிடம் எப்படிச் சொல்வது.

இரண்டு, டி, டி, ஒன்பது. ‘சரி.’ தபீதாளுக்கு ஒரு கண்ணில் புரை நீக்கியாயிற்று, மற்றதில் இன்னும் மங்கல், பெரிய எழுத்தென்றால் படிப்பாள், சிறியவை கறுப்புக் கறுப்பாகத் தெரிகின்றன என்பாள், ஆகையால் மகனுடைய பக்கத்திலிருந்த வரியைக் கட்டைவிரல் அளவு எழுத்தில் நானே தாளில் எழுதிக்கொடுத்தேன். திருமணமான ஆண்டிலிருந்து எங்களுக்கு இது வழக்கம், வினாத்தாள், மதிப்பெண் பட்டியல், சபையின் ஆண்டறிக்கை, எதுவாயினும் நான் மூலத்தை வாசிப்பேன், அவள் படியின்மேல் விரலை வைத்துத் தொடர்வாள், ஒத்திருந்தால் ‘சரி’, இல்லையென்றால் விரல் நின்றுவிடும், வாய் திறக்கமாட்டாள், விரல் நிற்பதைப் பார்த்து நான் திரும்ப வாசிக்கவேண்டும். “ஒண்ணு உட்டுட்டீங்க” என்று எப்போதாவது சொல்வாள், அவ்வளவுதான், பார்க்காத ஒன்றுக்கு அவள் ‘சரி’ சொன்னதாக எனக்கு நினைவில்லை. சுழி, எட்டு, சி, ஏ. ‘சரி.’ போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் அவன் சொன்னானாம், “புக்கு போட்டுட்டேன்மா, உனுக்குக் கண்ணு தெரியாதே, நைனாவப் படிச்சிக் காட்டச் சொல்லு, முதல் பக்கத்துலேர்ந்து, நைனாவே படிக்கட்டும்” என்று. ரூபாவைப் படிக்கச் சொல் என்று ஏன் அவன் சொல்லவில்லை? என்னிடம் அவன் பதினெட்டு ஆண்டுகளாக உடல்நலத்தைத் தவிர வேறொன்றும் பேசுவதில்லை, அதையும் அவளிடந்தான் விசாரிப்பான்.

நேற்று மாலை இறக்கினேன், இடையில் இரண்டு முறை இணைப்பு அறுந்தது, இரண்டு முறையும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது, திறந்தேன், தலைப்பு, அதற்கு அடுத்த பக்கத்தில் நடுவே ஒரே ஒரு வரி, காணிக்கை. எனக்கு முன் பிறந்து இறந்துபோன என் அண்ணனுக்கு. உடனே மூடிவிட்டேன். அவனுக்கு அண்ணன் இல்லை. எங்களுக்குப் பிறந்தது ஒரே பிள்ளை, அவன் ஆசிர். ஐந்து, ஐந்து, எஃப், ஒன்று. ‘சரி.’ இணைப்பு அறுந்த இடத்தில் ஏதேனும் புகுந்திருக்கலாம் அல்லவா, வேறு யாருடைய புத்தகத்தின் பக்கமோ இதில் வந்து ஒட்டிக்கொண்டிருக்கலாம் அல்லவா, அப்படி நிகழாது என்று எனக்குத் தெரியும், தெரிந்தும், முதலில் பிரதி சரிதானா என்று பார்க்கவேண்டும் தபீதா, குறையுள்ள பிரதியைப் படிக்கலாகாது, என்று காலையில் சொன்னேன், அவளும் முகம் கழுவிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டாள், ஏன் என்று ஒரு சொல் கேட்கவில்லை.

அந்த அண்ணனைப் படைத்தவன் நான். எழுபத்திரண்டு பிப்ரவரியில் பிறந்தான் ஆசிர், மார்ச்சில் ஞானஸ்நானம், சபைப் பதிவேட்டில் இருக்கிறது, ஆறு வயதில் பள்ளியில் சேர்த்தபோது சேர்க்கைப் பதிவேடு என் கையில் இருந்தது, எழுபத்துமூன்று ஜூன் முதல் தேதி என்று எழுதினேன், என் பள்ளியில் பாதிப் பிள்ளைகள் ஜூன் முதல் தேதியில் பிறந்தவர்கள்தாம், அக்காலத்தில் எல்லாரும் எழுதினார்கள், அரசாங்க வேலை கிடைத்தால் ஓராண்டு கூடுதலாய்ப் பார்ப்பான் என்ற எண்ணம், வேறொன்றுமில்லை. பி, நான்கு, சுழி, சுழி. ‘சரி.’ அரசாங்க வேலை யாருக்கு வந்தது, தொண்ணூற்றாறில் சித்தூரிலும் திருப்பதியிலும் தெருவுக்குத் தெரு கணினி வகுப்புகள், படித்த பையன்கள் எல்லாரும் பாஸ்போர்ட்டுக்கு வரிசையில் நின்றார்கள், இவனுக்கும் சிங்கப்பூரிலிருந்து வேலைக்கடிதம் வந்துவிட்டது, இருபது நாளில் சேரவேண்டும், கோப்பில் ஞானஸ்நானச் சான்றிதழையும் சேர்த்து வைத்தவள் தபீதாள், “சபைக் காயிதம் ஒண்ணு இருக்கட்டும், ஆசீர்வாதம்” என்று தானே போதகரிடம் போய் வாங்கிவந்தாள், என்னிடம் காட்டவில்லை. பாஸ்போர்ட் விசாரணைக்குத் திருப்பதிக்கு அழைத்தார்கள். மேசைக்கு அப்பால் இருந்தவர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார், நான் வினாத்தாளை வைப்பதுபோலவே. “ஏமி மாஸ்டாரு, புள்ள பொறக்கறதுக்கு ஒரு வருஷம் முன்னாலயே ஞானஸ்நானமா? அட்வான்ஸ் புக்கிங்கா?” என்றார், அறையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள், ஆசிர்கூடச் சிறிது சிரித்தான், நைனா உண்மையைச் சொல்லித் தீர்த்துவிடுவார் என்று நினைத்திருப்பான். நான் சொன்னேன், அது இவனுடையதன்று ஐயா, மூத்த பிள்ளை, அதே பெயர், குழந்தையிலேயே இறந்துவிட்டது, தவறிக் கோப்பில் சேர்ந்துவிட்டது. அவர் எழுந்து நின்றார், “ஏதோ தெரியாம பேசிட்டேன் மாஸ்டாரு, மனசுல வெச்சுக்காதீங்க” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார், சான்றிதழை என்னிடமே திருப்பிக்கொடுத்தார்.

மூன்று, ஈ, ஆறு, ஏ. ‘சரி.’ உண்மையைச் சொல்லியிருந்தால் அவனுடைய சான்றிதழ்கள் எல்லாம் கேள்விக்கு உள்ளாகியிருக்கும், வேலை போயிருக்கும், அவனுக்காகத்தான் சொன்னேன்... அவனுக்காக மட்டுமா? நான் ஓய்வுபெற இரண்டாண்டு இருந்தது, தலைமையாசிரியர், பதிவேட்டில் இருந்தது என் கையெழுத்து. பேருந்து நிலையத்தில், “அப்போ செத்துப்பூட்டது நான்தானா நைனா?” என்று கேட்டான். பஸ் வந்துவிட்டது ஏறு என்றேன். திருப்பதி தாண்டும்வரை நான் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன், அதன்பிறகு அவனைப் பார்த்தேன், அவன் உறங்கிக்கொண்டிருந்தான், அல்லது கண்களை மூடியிருந்தான். வீட்டுக்கு வந்ததும் தபீதாள், “சபைக் காயிதம் ஒதவுச்சா?” என்று கேட்டாள், உதவியது என்றேன், அவன் உள்ளே போய்விட்டான், இன்றுவரை அவளுக்கு நான் சொல்லவில்லை, தன் வயிற்றில் பிறந்த ஒன்றைத் தான் புதைத்ததாக ஓர் அலுவலகத்தில் பதிந்திருக்கிறது என்று எந்தத் தாயிடம் சொல்வது, அவள் இன்றும் பிப்ரவரியில்தான் அவனுக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்கிறாள்.

பதினான்காவது. ‘சரி.’ பதினைந்தாவது, எஃப், எட்டு, எட்டு, ஒன்று, இதில் ஒன்று மாறியிருக்கக் கூடாதா, கண் ஏங்குகிறது, எட்டு மூன்றாக இருக்கக் கூடாதா, நான் தாளில் எழுதியபோதாவது பிழை விட்டிருக்கக் கூடாதா... ‘சரி.’ நான் பிழைவிடமாட்டேன், அதுதான் என் பெருமை, முப்பத்தெட்டு ஆண்டுகள் ஒரு மதிப்பெண் பிசகவில்லை, பதிவேட்டில் ஒரே ஒரு வரியைத் தவிர. கடைசி நான்கு. சுழி, சி, ஏழு, இரண்டு. ‘சரி’ என்று தாளை மடித்தாள். முழுமையாக வந்திருக்கிறது, ஒரு புள்ளியும் மாறவில்லை, அவன் எழுதியது இதுவே, அறிந்தே எழுதியிருக்கிறான், என்னைக் குற்றஞ்சாட்டியா, அல்லது நான் சொன்ன பொய்யைத் தானும் சேர்ந்து சுமந்துகொண்டா, அல்லது தன் சாவுக்குத் தானே துக்கம் கொண்டாடியா, அதைக் கண்டுபிடிக்க எந்த நிரலும் இல்லை.

“இப்பப் படிங்க ஆசிரு நைனா, மொதப் பக்கத்துலேர்ந்து” என்று நாற்காலியை என் பக்கம் இழுத்துப்போட்டுக்கொண்டாள். திறந்தேன். எழுத்தைப் பெரிதாக்கவில்லை, பெரிதாக்கத் தெரியும், ஆக்கவில்லை. தலைப்பைப் படித்தேன், அவள் தலையசைத்தாள், பக்கம் திரும்பியது. “யாருக்குப் படைச்சிக்கீறான்?” என்று கேட்டுத் திரையருகே குனிந்து, வழக்கப்படியே அந்த வரியின் தொடக்கத்தில் விரலை வைத்தாள். ‘என்’ என்றேன். விரல் முதற்சொல்லின்கீழ் நின்றது. ‘அம்மாவுக்கு’ என்றேன். விரல் இரண்டாம் சொல்லுக்கு நகர்ந்தது. நான் நிறுத்திவிட்டேன், அடுத்த பக்கத்துக்குப் போகக் கையை எடுத்தேன், விரல் திரையைவிட்டு எழவில்லை.

“இன்னும் நாலு சொல்லு கீதே” என்றாள்.

எழுத்துத் தெரிகிறதா அவளுக்கு, அல்லது கறுப்புக் கறுப்பாய் ஆறு கட்டிகள் மட்டுமா, ஆறில் இரண்டு போக நான்கு என்று எண்ணினாள், அவ்வளவுதானா... பதினெட்டு ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் தாயும் மகனும் என்னென்ன பேசினார்கள் என்று நான் ஒருமுறையும் கேட்டதில்லை, ‘நைனாவே படிக்கட்டும்’ என்றது அவன்தானா, இவளா? அவள் முகத்தைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், மதிப்பெண் பட்டியலின்மேல் நிற்பதுபோலவே விரல் இரண்டாம் சொல்லின்கீழ் நின்றது, நான் திரும்ப முதலிலிருந்து வாசிக்கும்வரை அது அங்கேயே நிற்கும். காலையிலிருந்து பதினாறு முறை சொல்லிவிட்டாள், இந்த வரிக்கு இன்னும் ‘சரி’ சொல்லவில்லை.