கேலனுக்குப் பதினோரு மைல்

“ஒம் புருசன் மிதிக்கிற மிதிக்கு டாங்கியில பெட்ரோல் ஊத்தக் கூடாதுடி, ஊருணியத்தான் வெட்டி விடணும்!” என்று அழகி கத்தியபோது, நான் குடத்தைக் குழாயடியில் வைத்துவிட்டு நன்றாகக் காதில் விழுகிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டேன்.

“ஒம் புருசன் மட்டும் என்னவாம்? அவரு ஓட்டுற வேகத்துக்கு மாட்டு வண்டிக்காரன்லாம் அங்கிட்டு ஒதுங்குன்னு அதட்டிட்டுப் போறானாம்!” என்றாள் மீனம்மாள். குழாயில் தண்ணீர் நின்று வெகு நேரமாகியிருந்தது. ஒருத்தியும் நகரவில்லை. நானும்தான்.

சண்டைக்கு மூலகாரணம் எங்கள் தெருக்கோடி லாரி முதலாளி குழந்தைசாமி. அவரிடம் இரண்டு பழைய பெட்ரோல் லாரிகள். ஒன்றை அழகியின் புருஷன் மலையாண்டி ஓட்டினான். மற்றதை மீனம்மாளின் புருஷன் சேவுகன். மணமேல்குடிப் பக்கமிருந்து உப்பு ஏற்றி வந்து புதுக்கோட்டையில் இறக்கிவிட்டு, காலி வண்டியாகத் திரும்பிப் போவார்கள். ஐம்பத்தெட்டாம் வருஷம் ஆனி மாதத்தில் முதலாளிக்கு டீசல் லாரி மேல் ஆசை வந்துவிட்டது. இரண்டு பழசையும் தள்ளிவிட்டு ஒரே ஒரு டீசல் வண்டி. ஒரு வண்டிக்கு எதற்கு இரண்டு டிரைவர்? ஆடி முடிவதற்குள் எவன் கேலனுக்கு அதிக மைல் ஓட்டுகிறானோ அவனுக்குப் புது வண்டி, மற்றவன் வேறு இடம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். தினமும் சாயங்காலம் கோடு கீறிய மூங்கில் குச்சியை டாங்கிக்குள் விட்டு எடுத்து, பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்.

மலையாண்டிக்குப் பதினோரு மைல் வந்தது. சேவுகன் எட்டைத் தாண்டவில்லை. முரட்டுக் கால் அவனுக்கு. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் மிதித்துப் பார்த்தான். டயருக்கு இரண்டு வேளை காற்றுப் பார்த்தான். ஸீட்டுக்கு அடியில் கிடந்த பழைய இரும்பையெல்லாம் இறக்கி வீட்டு வாசலில் போட்டான். எட்டரை வந்தது. முன்னே இரண்டு வருஷம் அவனுக்கு வேலையில்லாமல் இருந்தபோது மீனம்மாள் கல் உடைக்கப் போய்த்தான் அடுப்பு எரிந்தது. அவள் உள்ளங்கையை நான் பார்த்திருக்கிறேன். குழாயடியில் அத்தனை வாய் பேசினவள், வீட்டுக்குப் போய்ச் சோற்றுப் பானையைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருந்ததையும் பார்த்தேன். என் வீட்டு ஜன்னல் அப்படி அமைந்துவிட்டது, நான் என்ன செய்ய?

மறுநாள் உறைமோர் வாங்குகிற சாக்கில் அழகி வீட்டுக்குப் போனேன். ஜெயிக்கிறவளுக்குச் சொல்லாமல் இருக்க முடியாது. வெற்றிலையை மடித்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள். “யாருகிட்டயும் சொல்லிறாதீங்கக்கா. எறக்கம் வந்தா எஞ்சினை அணைச்சிருவாராம். வண்டி தன்னால உருண்டு போகுமாம். காலி வண்டியில மட்டுந்தான். பாரம் இருந்தா அந்த வேலைக்கே போக மாட்டாரு.”

யாரிடமும் சொல்லாதே என்று என்னிடம் வந்து சொல்கிறவர்கள் என்ன நினைத்துச் சொல்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கியதில்லை. நேரே மீனம்மாளிடம் போனேன். வேலிக்கு இங்கிட்டு நின்றே ஆரம்பித்துவிட்டேன். இறக்கம், எஞ்சினை அணைப்பது, தன்னால் உருள்வது எல்லாம் சொல்லியாயிற்று. அவள் முகம் மலர்ந்தது. அதற்குள் என் அடுப்பில் பால் பொங்கித் தீய்கிற வாசனை வரவே, “மிச்சத்தை வந்து சொல்றேன்டி” என்று ஓடினேன். பால் பொங்கினது நிஜம். ஆனால் பாலை இறக்கி வைத்த பிறகும் நான் போகவில்லை. சேதியில் ருசியான பாகம் தீர்ந்துவிட்டதே. மிச்சம் இருந்தது ஒரே ஒரு வரி.

சேவுகனுக்கு ஒன்பது வந்தது. பிறகு பத்து. ஆடி பிறந்த வாரம் பன்னிரண்டு. முதலாளி குச்சியை இரண்டு தரம் விட்டுப் பார்த்துவிட்டு அவன் முதுகில் தட்டினாராம். மீனம்மாள் எனக்கு ஒரு கிண்ணம் நிறையப் பணியாரம் கொண்டுவந்து கொடுத்தாள். வெல்லம் தூக்கலாக இருந்தது. உட்கார்ந்து அத்தனையையும் தின்றேன்.

ஆடி இருபத்திரண்டு, பட்டப்பகல். அறந்தாங்கி ரோட்டில் கண்மாய்க்கரை இறக்கத்தில், உப்பு மூட்டை நிறைய ஏற்றின வண்டியின் எஞ்சினைச் சேவுகன் அணைத்திருக்கிறான். பாரத்தோடு இறங்கும்போது கியரில் ஓடுகிற எஞ்சின்தான் வண்டியை இழுத்துப் பிடிக்குமாம். அது இல்லாவிட்டால் அந்தப் பழைய பிரேக் தாங்காதாம். இதெல்லாம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது. கீழே வளைவில் புளியமரம். ரோடெல்லாம் உப்பு. மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் அதை நக்க வந்தன, எவ்வளவு விரட்டினாலும் போகவில்லை என்று பார்த்துவிட்டு வந்தவர்கள் சொன்னார்கள்.

இழவு வீட்டில் மலையாண்டி தலையில் அடித்துக்கொண்டு அழுதான். “பாரத்தோட எவனாச்சும் எஞ்சினை அணைப்பானா? எந்தப் பாவி இவனுக்கு இதைச் சொன்னது?” என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டான். அழகி என்னைப் பார்த்தாள். அவள் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அவள் பங்கும் வெளியே வந்துவிடுமே. அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவும் இல்லை.

மூன்றாம் நாள் மீனம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “எல்லாரும் வேடிக்கைதான் பாத்தாங்கக்கா. நீங்க ஒருத்தருதான் எங்களுக்கு நல்லது நெனச்சு ஓடியாந்து சொன்னீங்க.” அவளுடைய உள்ளங்கை காய்ப்பு என் விரலில் உரசியது. அந்த ஒரு வரி தொண்டை வரைக்கும் வந்தது. காப்பி போட்டுத் தரட்டுமா என்று கேட்டேன்.

டீசல் லாரி ஆவணியில் வந்தது. மலையாண்டி ஒரு மாதம் ஓட்டிவிட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்தான். திருச்சியில் பஸ் ஓட்டப் போனான், அழகியும் கூடப் போய்விட்டாள். மீனம்மாள் அரிமளத்தில் அண்ணன் வீட்டுக்குப் போனாள். மூன்றாம் வருஷம், அங்கே வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த, பெண்டாட்டியை இழந்த ஐயனாருக்கு அவளைக் கட்டிவைத்தார்கள். போன தையில் அரிமளத்தில் ஒரு காதுகுத்துக்குப் போன நான் அந்தக் கடைப் பக்கமாக நடந்தேன்.

“வாங்கக்கா, வாங்க. நம்ம தெருவுல என்ன சேதி?” என்றாள் மீனம்மாள். அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. காற்றடைத்த டியூபைத் தண்ணீர்ச் சட்டியில் அமுக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பியபடி, குமிழி எங்கிருந்து வருகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.