பொலேத்தின் நாற்காலி

எனக்குக் கொடுத்தது முக்காலி. பொலேத்துக்குக் கொடுத்தது நாற்காலி. அதுவும் எப்பேர்ப்பட்ட நாற்காலி! எஃகுக் குழாயை வளைத்து, கறுப்புத் தோல் போர்த்தி, பாரீசிலிருந்து கப்பலில் வந்தது. அதில் அவள் மகாராணி மாதிரி சாய்ந்து கிடப்பாளாம், நான் முக்காலியைத் தூக்கிக்கொண்டு அவளைச் சுற்றிச் சுற்றி ஆட வேண்டுமாம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்று. வியட்நாமில், பிரெஞ்சுக்காரர் ஆண்ட சைகோனில், கதினா தெருவில் மதாம் ஜூலியேத் நவீன மேசை நாற்காலிக் கடை வைத்திருந்தாள். நாளுக்கொரு குண்டு வெடித்ததில் வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அவளும் கடையைப் பாரீசுக்கே மாற்றப்போகிறாள். போவதற்கு முன்னால் தன் சாமான்களையே வைத்து ஒரு நாட்டியம், மூன்று சாயங்காலம். முடிந்ததும் எங்கள் இருவரில் ஒருத்தியை அங்கேயும் ஆட அழைத்துப்போவாள்.

எனக்கு அந்தப் பயணம் வேண்டும். இந்த ஊரில் இனி யார் ஆட்டம் பார்க்கப்போகிறார்கள்? காரைக்காலில் ஏழு வயதிலிருந்து காலில் சலங்கை கட்டியவள் நான். பொலேத் பாண்டிச்சேரிக்காரி. மாதா கோயில் விழாவில் கைகோத்து ஆடியதோடு சரி. பிரெஞ்சு நன்றாகப் பேசுவாள், அவ்வளவுதான். எனக்கு வயிறு எரிந்தது. பொய் சொல்வானேன், அவள் ஒழிந்தால் தேவலை என்றே நினைத்தேன்.

இரண்டு நாளும் கைதட்டல் முழுக்க அவளுக்கே. சும்மா படுத்துக் கிடந்ததற்கு!

மூன்றாம் நாள் என்னால் பொறுக்க முடியவில்லை. சுற்றி வரும்போது, நாற்காலியிலிருந்து தொங்கிய அவள் கையை ஓங்கி ஒரு உதை விட்டேன். வேண்டுமென்றேதான். அலறிக்கொண்டு எழுந்து ஆட்டத்தைக் கெடுப்பாள் என்று பார்த்தேன். கெடுத்தது என் கைதான். யார்மேல் கால் பட்டாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டே வளர்ந்த கை. என்னைக் கேட்காமலே குனிந்து, அவள் விரலைத் தொட்டு, என் இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டது.

அவள் அசையவில்லை. கூடம் மொத்தமும் எழுந்து நின்று கைதட்டியது.

மதாம் ஓடிவந்து என் கன்னத்தில் முத்தமிட்டாள். "அந்த வணக்கம்! அதுதான் இந்த நாட்டியத்தின் உயிர், சௌந்தரம். இருவருமே வாருங்கள். பாரீசில் ஒவ்வொரு காட்சியிலும் நீ பொலேத்துக்கு அதைச் செய்ய வேண்டும். சம்மதமா?"

சம்மதம் என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரமானது என்று கேட்காதீர்கள். ஆனால் சொல்லிவிட்டேன்.

உடை மாற்றும் அறையில் பொலேத் வீங்கிய விரல்களைத் தண்ணீரில் வைத்திருந்தாள். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"கும்பிடறது அப்படியே இருக்கட்டும்டி," என்றாள். "உதைக்கறத மட்டும் கொஞ்சம் மெதுவா உதை."