மூணு தடவை ஊத்தின பிரேக் ஆயில்

காலைல ஆறு மணிக்கு நான் ஆறு வீட்டுக்கு போன் பண்ணணும். இப்ப மணி ஒண்ணரை. தூக்கம் வரல. யார்கிட்டயாவது சொன்னாத்தான் மூச்சே சரியா வரும்போல.

அப்பா நம்ம கார்ல பள்ளிக்கூடத்துப் புள்ளைங்கள ஏத்திட்டுப் போறாரு. ஆறு பேரு. எங்க தெரு மேட்டுல, பள்ளிக்கூடம் கீழ. ஒரே இறக்கம், நடுவுல ரெண்டு வளைவு.

இடுப்பு ஆபரேஷனுக்கு அப்புறம் அப்பாவால குனிய முடியாது. அதனால ஞாயித்துக்கிழமையானா வண்டியப் பாக்குறது என் வேலை. இன்ஜின் ஆயில், ரேடியேட்டர் தண்ணி, பிரேக் ஆயில், டயர் காத்து. பாத்துட்டு நோட்டுல டிக் போடணும். "நம்ம வண்டிக்கு இன்ஸ்பெக்டரம்மா இருக்கா"ன்னு ஏறுறவங்ககிட்டல்லாம் பீத்திக்குவாரு.

இன்ஸ்பெக்டரம்மா என்ன பண்ணா தெரியுமா? பரீட்சை நேரத்துல அஞ்சு வாரம் பானெட்டையே தொறக்கல. கட்டில்ல உக்காந்துக்கிட்டே டிக் போட்டா.

ஆறாவது வாரம் மீட்டர் பக்கத்துல செவப்பு விளக்கு எரிஞ்சுது. "என்ன இன்ஸ்பெக்டரம்மா, ஒருத்தன் கண்ணச் செவக்க வச்சுக்கிட்டுப் பாக்குறான்?"னு வாசல்ல இருந்து கூப்பிட்டாரு. ஓடிப் போனேன். பானெட்டத் தொறந்து பாத்தா, பிரேக் ஆயில் டப்பால ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழ இருக்கு. நோட்டுலயோ போன வாரம் பாத்ததா டிக் இருக்கு. அலமாரில இருந்த பாட்டில எடுத்து மேல்கோடு வரைக்கும் ஊத்தினேன். விளக்கு அணைஞ்சுடுச்சு.

"வயர் லூசுப்பா. அழுத்தி விட்டுட்டேன்."

அவரு என் தலையத் தட்டிட்டு வண்டிய எடுத்துட்டாரு.

அப்புறம் இன்னும் ரெண்டு தடவை கொறஞ்சுது. ரெண்டு தடவையும் விளக்கு வர்றதுக்கு முன்னாடியே ஊத்திட்டேன். கெட்டிக்காரின்னு நெனப்பு வேற.

நேத்து சாயங்காலம் சைக்கிளுக்குக் காத்தடிக்கப் போனேன். பக்கத்து ஷெட்டுல மெக்கானிக் ஒரு கார்க்காரரத் திட்டிக்கிட்டு இருந்தாரு.

"சார், பிரேக் ஆயிலக் குடிக்க உள்ள யாராச்சும் உக்காந்திருக்கானா? அது மூடின குழா. கொறஞ்சா ஒண்ணு பிரேக் கட்டை தேஞ்சிருக்கும், இல்லன்னா எங்கயோ ஒழுகுது. நீங்க ஊத்தி ஊத்தி விளக்கோட வாயக் கட்டி வச்சிருக்கீங்க."

"விளக்குதான் வரலியேப்பா!"

"எப்படி வரும்? ஒரு நாள் மிதிப்பீங்க. பெடல் தரைக்குப் போயிடும். வண்டி அது பாட்டுக்குப் போகும்."

காத்தடிச்சதுக்குக் காசு குடுத்தேனான்னு கூட ஞாபகம் இல்ல.

ராத்திரி சாப்பிடும்போது சொல்லலாம்னு பாத்தேன், வாய் வரல. எல்லாரும் படுத்ததும் டார்ச்ச எடுத்துக்கிட்டு வெளிய போனேன். இடதுபக்கப் பின் டயருக்கு உள்பக்கம் ஈரமா ஒரு கோடு. மழை பேஞ்சு பத்து நாளாச்சு. தொட்டுப் பாத்தேன். வழவழன்னு இருந்துச்சு. காலைல அந்த இறக்கத்துல வண்டி போகும்னு நெனச்சதும் உள்ள ஓடி அப்பாவ எழுப்பிட்டேன்.

எல்லாத்தையும் சொன்னேன். பொய் டிக்கு, வயர் கதை, எல்லாத்தையும். திட்டுவாருன்னு நெனச்சேன், அடிச்சாக்கூடப் பரவாயில்லன்னு இருந்துச்சு. அவரு செவுத்தப் புடிச்சுக்கிட்டே வெளிய வந்தாரு. டிரைவர் சீட்டுல உக்காந்து பெடல மெதுவா மிதிச்சுப் பாத்தாரு. திரும்ப மிதிச்சாரு.

"எத்தன தடவை ஊத்தின?"

"மூணு."

"ரெண்டு நாளா பெடல் கொஞ்சம் கீழ போகுதேன்னு எனக்கே பட்டுச்சு. நீ பாத்திருப்பேல்ல, அதான் விட்டுட்டேன்."

குரல் கூட ஒசரல. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இறக்கத்தப் பாத்தாரு. சாவியக் கழட்டி என் கைல குடுத்தாரு.

"மெக்கானிக் இங்கயே வந்து பாக்கட்டும். அதுவரைக்கும் வண்டி நகராது. புள்ளைங்க வீட்டுக்கெல்லாம் ஆறு மணிக்கு நீயே போன் பண்ணிச் சொல்லிடு."

"வண்டி ரிப்பேர்னு சொல்லவாப்பா?"

"அது வயர் லூசுங்கிற மாதிரிதாம்மா. நடந்தத அப்படியே சொல்லு."

இன்ஸ்பெக்டரம்மான்னு கூப்பிடல.

நம்பர் எழுதின தாள் மடில இருக்கு. மொத நம்பர் ஓட்டப்பல்லனோட அம்மா. அவனுக்கு ஆறு வயசு, முன்பல்லு ரெண்டும் விழுந்துடுச்சு, தெனமும் ஜன்னலோரம் அவனுக்குத்தான். கதவச் சாத்தும்போது அவங்க "பாத்துப் போங்கண்ணே"ம்பாங்க. அப்பா சிரிச்சுக்கிட்டே, "எம்பொண்ணு பாத்துட்டாம்மா, பயப்படாதீங்க"ம்பாரு.

நேத்துக் காலைலயும் அதத்தான் சொன்னாரு.