ஆறாவது முட்டை

ஜைத் நல்லவன்தான். அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். பெண்டாட்டி ஆஸிபா தும்மினால் இவனுக்குக் காய்ச்சல் வந்துவிடும். ஆனால் அவளுக்கு எது நல்லது என்பதை அவளைக் கேட்காமலே முடிவு பண்ணிவிடுகிற வியாதி ஒன்று அவனுக்கு இருந்தது. அதற்கு அவர்கள் இருந்த அமெரிக்க ஊரான மில்பிடாஸில் எந்த டாக்டரிடமும் மருந்து கிடையாது.

டிசம்பரில் அவர்களுடைய குழந்தை ஏழாம் மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே இறந்துபோனது. பெண் குழந்தை. பிரசவம் ஆகி ஆஸிபா மருந்து மயக்கத்தில் கிடந்தாள். குழந்தையை அம்மா பார்க்க விரும்புவாளா என்று நர்ஸ் இரண்டு தடவை கேட்டாள். வேண்டாம், தாங்கமாட்டாள் என்று ஜைத்தே பதில் சொன்னான். குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றி, மறுநாள் லிவர்மோர் பக்கத்துக் கபர்ஸ்தானில் அடக்கிவிட்டு வந்தான். ஆஸிபாவுக்குத் தெளிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"யார் மாதிரி இருந்தா?" என்று கேட்டாள்.

"நான் சரியா பாக்கலம்மா" என்றான். பச்சைப் பொய்.

அதன்பின் ஒரு மாதம்வரை அவள் சமையல் பண்ணும்போது, துணி மடிக்கும்போது, திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "பாப்பா உதைக்கிறா, கைய வச்சுப் பாருங்க" என்பாள். சில பெண்களுக்கு இப்படித் தோன்றுவது உண்டு, போகப் போகச் சரியாகிவிடும் என்றார் டாக்டர். ஜைத் பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு அழுதான். வேறு என்ன செய்வான், பாவம்.

மார்ச்சில் அவர்கள் டவுன்ஹவுஸ் ஜன்னலுக்குக் கீழே, குளத்தங்கரைப் புல்லில் ஒரு கனடா வாத்து கூடு கட்டியது. ஆஸிபா காலையில் டீயை எடுத்துக்கொண்டு ஜன்னலண்டை உட்கார்ந்தால் மத்தியானம்வரை அங்கேதான். ஜைத் அதைப் பார்த்துக் கணக்குப் போட்டான். நாளைக்கு அம்மா முன்னே போக, குஞ்சுகள் பின்னே வரிசை கட்டிப் போகும். இவள் அதைப் பார்த்து என்ன ஆவாள்?

அவன் அந்தக் குடியிருப்பின் அசோசியேஷன் கமிட்டியில் இருந்தான். நடைபாதையெல்லாம் வாத்து எச்சம் என்று ஏற்கெனவே ஆளாளுக்குப் புகார். ஜைத் எழுந்து ஒரு தீர்மானம் கொண்டுவந்து ஒரே கூட்டத்தில் பாஸ் பண்ணினான். அடுத்த வாரமே கான்ட்ராக்டர் வந்தார். இந்த ஊரில் முட்டையை உடைப்பதில்லை. சோள எண்ணெய் தடவித் திரும்பக் கூட்டிலேயே வைத்துவிடுவார்கள். ஓட்டுக்குள் காற்றுப் போகாமல் கரு செத்துவிடும், அந்த வாத்துக்கு ஒன்றும் தெரியாது, அது பாட்டுக்கு அடைகாத்துக்கொண்டிருக்கும். தடவிய முட்டை என்று தெரிய பென்சிலால் ஒரு எக்ஸ் போடுவார்கள். ஜைத்தும் கூடவே போய் நின்று பார்த்தான். ஜன்னலுக்குக் கீழிருந்த கூட்டில் ஐந்து முட்டை, ஐந்திலும் எக்ஸ். ஆஸிபா அப்போது குளித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் அவன் மூச்சு விடவில்லை.

நாலு நாள் கழித்து அந்த வாத்து ரோட்டில் காரில் அடிபட்டுச் செத்தது. சாயங்காலம் அவன் ஆபீஸிலிருந்து வந்தபோது ஆஸிபா துப்பட்டாவுக்குள் எதையோ பொத்தி வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றாள்.

"அஞ்சையும் காக்கா உடைச்சுப் போட்டிருக்குங்க. இது ஒண்ணுதான் இறகுக்கு அடியில புதைஞ்சு கிடந்துச்சு."

உள்ளங்கை கொள்ளாத பெரிய முட்டை. அவள் சொன்னதில் ஒரு வார்த்தையும் அவன் காதில் ஏறவில்லை. கூமுட்டை, கூமுட்டை என்று மனசு ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தது.

"எடுத்த எடத்துல வச்சிட்டு வா ஆஸிபா. ஃபெடரல் லா இருக்கு. இந்தப் பறவையோட முட்டைய வீட்டுக்குக் கொண்டு வந்தாலே குத்தம். க்ரீன் கார்டு பெண்டிங்ல இருக்கு, ஞாபகம் இருக்குல்ல?"

"பறவைங்களப் பாத்துக்குற ரெஸ்க்யூ சென்டருக்கு ஃபோன் பண்ணேன். முட்டையெல்லாம் எடுக்க மாட்டோம், அங்கயே விட்டுடுன்றாங்க. விட்டா காக்கா தின்னுடும்."

"தின்னட்டுமே. அதுதானே இயற்கை?"

"ஒரு முட்டைக்காக டிபோர்ட் பண்ணுவாங்களா? பண்ணட்டும். நம்ம ஊரு மேலப்பாளையத்துல போயி அடைகாக்கிறேன்."

சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தாள். மூணு மாசத்தில் முதல் சிரிப்பு. உண்மையைச் சொல்ல வாயெடுத்தவன் அதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான். அப்போதே சொல்லியிருந்தால் அழுதிருப்பாள், கத்தியிருப்பாள், நாலு நாள் பேசாமல் இருந்திருப்பாள். அவ்வளவுதான். ஆனால் இவன்தான் நல்லவனாயிற்றே.

அமெரிக்காவில் தமிழர் வீட்டு ஓவன் எதற்கு? கேக் சுடவா? தோசை மாவு புளிக்க. குளிர் காலத்தில் ஓவனைப் பற்றவைக்காமல் உள் விளக்கை மட்டும் போட்டு மாவுப் பாத்திரத்தை வைத்தால் காலையில் பொங்கி நிற்கும். அந்த இதமான சூட்டில்தான் ஆஸிபா முட்டையை வைத்தாள். ஒரு சட்டியில் பழைய துணி, பக்கத்தில் கிண்ணத்தில் தண்ணீர், ஒரு தெர்மாமீட்டர். சூடு கூடினால் கதவில் ஒரு கரண்டியைச் செருகித் திறந்து வைப்பாள். தினம் ஐந்து தடவை திருப்பி வைப்பாள். யாராவது மறந்து ஓவனைப் போட்டுவிடக் கூடாதே என்று ஓவன் கதவில் எப்போதும் ஒட்டியிருக்கும் காகிதத்தில் 'மாவு உள்ளே இருக்கு' என்பதில் மாவை அடித்துவிட்டு 'குஞ்சு' என்று எழுதினாள். இருபத்தெட்டு நாள் என்று காலண்டரில் வட்டம் போட்டாள்.

பத்தாம் நாள் விளக்கை அணைத்துவிட்டு முட்டைக்குப் பின்னால் ஃபோன் டார்ச்சைப் பிடித்தாள். "இங்க வாங்களேன், நரம்பு நரம்பா ஓடுது. நடுவுல ஒண்ணு அசையுது பாருங்க." ஜைத் மீட்டிங் இருக்கிறது என்று மாடிக்குப் போய்விட்டான். இருட்டு அறையில் ஸ்க்ரீனைப் பார்த்துக்கொண்டு துடிப்பைத் தேடிய அந்த ஸ்கேன் ரூம் அவனுக்கு ஞாபகம் வந்தது. அசைகிறதாம். உதைக்கிறாள் என்று சொன்னவள்தானே இவள்?

இருபத்தாறாம் நாள் சனிக்கிழமை. ஆஸிபா ஓவன் கதவில் காதை வைத்துக்கொண்டு குத்துக்காலிட்டிருந்தாள். "உள்ள இருந்து கத்துதுங்க! ஒரு தடவை வந்து கேளுங்க, ப்ளீஸ்."

"அப்புறம் கேக்கறேன்மா."

அவள் எழுந்து கார் சாவியை எடுத்தாள். டிசம்பருக்குப் பிறகு அவள் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. "லிவர்மோர்ல குஞ்சுத் தீவனம் விக்கிற கடை இருக்காம். வாங்கிட்டு, அப்படியே கபருக்கும் போயிட்டு வரேன். தனியாத்தான் போகணும்."

நாலு மாசமாகப் போகாதவள் மகளைப் பார்க்கக் கிளம்புகிறாள். கண்ணிருக்கிறவனுக்கு அது புரிந்திருக்கும். ஜைத்துக்குப் புரிந்தது வேறு. இல்லாத சத்தம் கேட்கிறது, இல்லாத குஞ்சுக்குத் தீவனம் வாங்கப் போகிறாள், இன்னும் இரண்டு நாளில் முட்டை பொரியாமல் கிடக்கும்போது இவளை யார் அள்ளுவது? நான் மறந்து ஓவனைப் போட்டுவிட்டேன் என்றால் கோபம் என்மேல் போகும். இன்னொன்றும் செத்தே கிடந்தது என்பதைவிட அது தேவலை. மாவுப் பாத்திரத்தோடு ஓவனைப் பற்றவைக்காத தமிழ் வீடு இந்த ஊரில் ஏது? யாரும் நம்புவார்கள்.

காகிதத்தை உரித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். ஃப்ரீசரிலிருந்து பீட்சாவை எடுத்து மேடையில் சாட்சிக்கு வைத்தான். எதைத் தொடங்கினாலும் சொல்கிற பிஸ்மிக்கு வாய் வரவில்லை. முந்நூற்றைம்பது டிகிரியில் வைத்துத் திருகினான்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து மெல்லிய சத்தம் ஒன்று வந்தது. தகரம் சூட்டில் விரிகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஹாலுக்குப் போய் டிவியை வைத்தான். அரை மணி கழித்துத் துணி கருகும் வாடை வரவும் அணைத்தான்.

ஆஸிபா தீவன மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தபோது வீடெல்லாம் அந்த வாடை. அழுது முடித்த முகம், ஆனால் தெளிந்திருந்தது. அவனைப் பார்த்தாள், பீட்சாவைப் பார்த்தாள், ஓவன் கதவைப் பார்த்தாள்.

"மறந்துட்டேன் ஆஸிபா. பசிச்சுச்சு, ஆன் பண்ணிட்டேன். இரு, நான் கொண்டுபோய் குப்பையில..."

"தொடாதீங்க." மூட்டையைக் கீழே வைத்தாள். "மறந்தவர் ஒட்டியிருந்த பேப்பர ஏன் உரிச்சீங்க?"

அவன் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. அவ்வளவுதான், எல்லாம் கொட்டியது. கமிட்டி, தீர்மானம், எண்ணெய், எக்ஸ். "அது முதல்லயே செத்துப்போன முட்டை ஆஸிபா. சத்தியமா. நீ இருபத்தெட்டாம் நாள் உடைஞ்சு போயிருவேன்னுதான்..."

"எந்த எக்ஸ்? நான் தினம் அஞ்சு தடவை திருப்பியிருக்கேன். இதுல ஒரு கோடுகூட இல்ல."

"அஞ்சு முட்டையிலயும் போட்டாங்க, நான் எண்ணினேன்."

"அந்த அஞ்சையும் காக்கா உடைச்சுருச்சுன்னு அன்னைக்கே சொன்னேனே." குரல் உயரவே இல்லை. "இது ஆறாவது. அவங்க வந்துட்டுப் போனப்புறம் போட்டது."

அவள் ஓவனைத் திறந்து முட்டையை எடுத்து மேடையில் மெதுவாகத் தட்டினாள். ஜைத், "வேணாம், நீ பாக்க வேணாம்" என்று குறுக்கே வந்தான். அவள் அவனை விலக்கிவிட்டு ஓட்டைச் சில்லுச் சில்லாகப் பிய்த்தாள். உள்ளே கழுத்தை மடித்து, கால்களை வயிற்றோடு சேர்த்துக்கொண்டு முழுக் குஞ்சு. மஞ்சள் பூஞ்சிறகு உடம்போடு ஒட்டியிருந்தது. மூக்கு ஓட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் உள்பக்கம் கொத்திய தடம் தெரிந்தது.

ஜைத் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். யா அல்லாஹ், யா அல்லாஹ் என்று தலையில் அடித்துக்கொண்டான். இனி அடித்து என்ன?

ஆஸிபா ஒரு விரலால் குஞ்சின் தலையைத் தடவினாள். வெகுநேரம் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு அவன் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"அவளுக்குத் தலையில முடி இருந்துச்சா?"

அவனுக்குப் பொய் வரவில்லை. "இருந்துச்சு. நிறைய. சுருட்டை சுருட்டையா. உன் நெத்தி, உன் மூக்கு."

"சரியா பாக்கலன்னு சொன்னீங்க."

துப்பட்டாவின் ஓரத்தைக் கத்திரியால் வெட்டி, குஞ்சை அதில் வைத்து, முகத்தைக் கடைசியாக மூடிச் சுற்றினாள். ஜைத் எழப் பார்த்தான்.

"நீங்க வராதீங்க. இதையாவது நான் அடக்குறேன்" என்று சொல்லிவிட்டு அவள் குளத்தங்கரைக்கு இறங்கிப் போனாள். ஜைத் ஜன்னலுக்கு வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.