பயனாளியின் கையொப்பம்

மூன்றாம் மாடிக்கு மூச்சு வாங்க ஏறி வந்த அக்கா, செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள். எதிர்ச் சுவரில் 'மாற்றம் நம்மிடமிருந்து' என்றொரு பேனர். வலது ஓரத்தில் பசை விட்டுப்போய்க் கடைசி இரண்டு எழுத்துகள் மடங்கிக்கொண்டதால், ஒரு வருடமாக அது 'மாற்றம் நம்மிடமிரு' என்று கெஞ்சிக்கொண்டிருந்தது. மாற்றமும் சொன்ன பேச்சைக் கேட்டு வெளியே எங்கும் போகாமல் இருந்தது.

அவள் அந்தத் தொண்டு நிறுவனத்தின் இளைஞர் பிரிவுக்கு ஒருங்கிணைப்பாளர். அவ்வளவு நீளமாகக் கூப்பிட யாருக்கும் பொறுமை இல்லை, அதனால் அக்கா. துணிக்கடைக்காரர் மகள். கடை வாசலில் ஏறுகிற காலைப் பார்த்தே, வாங்க வந்த காலா, வெயிலுக்கு ஒதுங்கிய காலா என்று சின்ன வயதிலேயே சொல்லிவிடுவாள். இங்கே சேர்ந்த பதினாறு வருடங்களில் அந்த வித்தைக்குத்தான் அதிக வேலை. இந்த முறை முதல் கூட்டத்துக்கு இருபத்தெட்டுப் பேர் வந்தார்கள். டீ குடித்தார்கள், வட்டமாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள், சான்றிதழ் கைக்கு வந்ததும் "வர்றோம்கா" என்றார்கள். புடவையைப் புரட்டிப் பார்த்துவிட்டு 'வர்றோம்' என்று சொல்லிப்போகிறவர்கள் எந்தக் கடைக்குத் திரும்பி வந்தார்கள்?

மிஞ்சியது ஏழு பேர். அந்த ஏழு பேரும் எந்தப் பயிலரங்கிலும் சொல்லித்தராத ஒரு வேலையைத் தாங்களாகவே பிடித்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் பஸ்கள் நிற்பதில்லை. நோயாளிகள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருகிறார்கள். ஏழு பேரும் முறை வைத்து அங்கே நின்று, எந்த பஸ் நின்றது, எது நிற்காமல் பறந்தது என்று ஒரு நோட்டில் குறித்தார்கள்.

இயக்குநர் காலையிலேயே போன் செய்திருந்தார். "சனிக்கிழமை மேலிடத்துல இருந்து வர்றாங்கம்மா. இன்னைக்குச் சாயந்தரத்துக்குள்ள அந்த ஃபாரத்துல பசங்க ஏழு பேர் கையெழுத்தும் வேணும். இல்லேன்னா இளைஞர் பிரிவை மூடிருவாங்க. உங்களுக்கு ஒண்ணும் கவலை இல்ல, கீழ ஃபைல் ரூம் காலியாத்தான் இருக்கு."

சாயந்தரம் ஏழு பேரும் வந்தார்கள். அக்கா தாளை நீட்டினாள். முதலில் வாங்கியது, போன் பழுது பார்க்கும் கடையில் வேலை செய்கிற பெண். எதற்கெடுத்தாலும் கேட்பதால் அவளுக்குப் பெயரே 'கேள்வி'. பேனாவைத் திறந்தவள் மூடிவிட்டாள்.

"அக்கா, 'பயனாளியின் கையொப்பம்'னு போட்டிருக்கு. பயனாளின்னா யாரு?"

"பயன் அடைஞ்சவங்க."

"யாரு அடைஞ்சா?"

"சும்மா ஒரு வார்த்தைம்மா. கண்ணாடி குடுத்தாலும் இதே தாள்தான், தையல் மிஷின் குடுத்தாலும் இதே தாள்தான்."

"எங்களுக்கு என்ன மிஷின் குடுத்தீங்க?"

பின்னாலிருந்து நெட்டை குரல் கொடுத்தான். சாப்பாட்டுப் பொட்டலங்களை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறவன். "எனக்கு வெயில்ல நின்னு கழுத்து கறுத்துப்போச்சு. அதைப் பயன்ல சேர்த்துக்கலாமா?"

எல்லோரும் சிரித்தார்கள். கேள்வி மட்டும் சிரிக்கவில்லை.

"முந்நூத்திப் பன்னெண்டு பஸ்ஸு. நின்னது தொண்ணூறு. போக்குவரத்து ஆபீஸ்ல கொண்டுபோய்க் குடுப்போம்னோம். மேலிடத்து அனுமதி வரட்டும்னீங்க. சரின்னு இருந்தோம். இப்ப வரிசையில நின்னு வாங்கிட்டுப் போறவங்கன்னு எழுதறீங்க." அவள் குரல் உயரவே இல்லை. "உங்க முகத்துக்காகக் கையெழுத்துப் போடச் சொன்னா போடறோம்கா. போட்டுட்டுப் போயிடுவோம். நோட்டும் எங்களோட வந்துரும்."

பேரம் அக்காவுக்குப் புரிந்தது. ஏழு கையெழுத்தா, ஏழு பேரா? இரண்டும் சேர்த்துக் கிடைக்காது.

பழக்கதோஷத்தில் கடைசியாக ஒருமுறை விலை கேட்டுப் பார்த்தாள். இயக்குநருக்குப் போன் போட்டாள்.

"சார், பயனாளிங்கற இடத்துல வேற வார்த்தை போட்டுக்கலாமா?"

"என்ன வார்த்தை?"

"செஞ்சவங்க."

"அப்படி ஒரு கட்டமே இல்லையேம்மா. மேல இருந்து வந்த ஃபாரம். கை வெச்சா திருப்பி அனுப்பிருவாங்க. பேசாம கையெழுத்து வாங்குங்க."

போனை வைத்தாள். முட்டி வலித்தது. அந்தக் கட்டத்தில் பதினாறு வருடமாக எத்தனை பிள்ளைகளிடம் கையெழுத்து வாங்கியிருப்பாள்? அந்தப் பிள்ளைகளெல்லாம் எங்கே போனார்களோ. அவள் போகவில்லை. அந்தத் தாள்களைக் காட்டித்தான் மாதாமாதம் சம்பளம் வந்தது. மகள் படிப்பு முடிந்தது. இந்த முட்டிக்குத் தைலமும் அதில்தான்.

கேள்வியின் கையிலிருந்து பேனாவை வாங்கி, முதல் கட்டத்தில் தன் பெயரை எழுதினாள். வயது: நாற்பத்தொன்பது. பெற்ற பயன்: பதினாறு வருட வேலை. கையெழுத்தும் போட்டு, மிச்சமிருந்த ஆறு கட்டங்களுக்கும் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள்.

நெட்டை எட்டிப் பார்த்தான். "அக்கா, இருபத்தஞ்சு வயசுக்குள்ளன்னு மேல போட்டிருக்கு."

"எனக்கும் ஒரு காலத்துல இருந்துச்சுடா."

தாளைப் படம் பிடித்து இயக்குநருக்கு அனுப்பினாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, போன் அடித்தது.

"என்னம்மா இது விளையாட்டு?"

"விளையாட்டு இல்ல சார். உள்ளதைத்தான் எழுதியிருக்கேன்."

"இதை வெச்சு நான் என்ன பண்றது?"

"ஃபைல் ரூம்ல வெச்சிருங்க சார். அங்க நான்தானே வரப்போறேன், பார்த்துக்கறேன்."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. போனை வைத்துவிட்டார். அவருக்கும் மேலே ஓர் ஆள் இருந்தார், பாவம்.

அறையில் யாரும் கைதட்டவில்லை. கேள்வி பையிலிருந்து நோட்டை எடுத்தாள். கடைசிப் பக்கத்தில் யார் எப்போது நிற்பது என்ற பட்டியல். ஏழு பெயருக்குக் கீழே எட்டாவதாக 'அக்கா' என்று எழுதினாள்.

"நாளைக்குக் காலையில எட்டுல இருந்து பத்து. நெட்டைக்கு அந்த நேரத்துல வேலை வந்துருது. நீங்க நில்லுங்க."

"உட்கார ஏதாவது இருக்கா?"

"இல்ல. நிழலும் இல்ல. குடை கொண்டு வாங்க."

"எங்கேயாவது கையெழுத்துப் போடணுமா?"

"வேணாம்கா. வந்தாப் போதும்."

அக்கா மேஜைக்கடியில் காலால் துழாவிச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"வர்றேன்" என்றாள்.

சொன்ன பிறகுதான், தான் கேட்டுக் கேட்டுச் சலித்த சொல் அது என்று உறைத்தது. நிமிர்ந்தாள். கேள்வி அவள் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.